ஒன்பது நிமிடம் பின்னால்

ஏணியின் ஏழாவது படியில் நின்று அந்தச் சின்ன பிளாஸ்டிக் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த தண்ணீர் மணிக்கட்டில் வழிந்து சட்டைக் கைக்குள் ஓடியது. மழை பெய்து மூன்று மாதம் ஆகிவிட்டது. இது பனி. ராத்திரி முழுக்க இறங்குகிற பனி எப்படியோ உள்ளே புகுந்து, வெளியேற வழி தெரியாமல் ஒரு ஸ்பூன் அளவுக்குத் தேங்கியிருந்தது. கேட் கேமராவுக்குப் போகும் வயரின் முனை அதற்குள்தான் ஊறிக்கொண்டிருந்தது.

கீழே வாட்ச்மேன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட் தூணில் நன்றாகச் சாய்ந்திருக்கிறது, பிடிக்க வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. காலை ஏழு மணிக்கு ஸ்வெட்டரும் காதை மூடிய மப்ளருமாக, நான் விழுந்தால் தாங்கிவிடுவார் என்பது மாதிரி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அந்த மனிதருக்கு எதிராக எழுதிக் கொடுக்கத்தான் நான் வந்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

இரண்டு நாளுக்கு முன் குடியிருப்பின் செயலாளர் அம்மா, அங்கே கேமரா மாட்டிக் கொடுத்த என்னைக் கூப்பிட்டிருந்தார். மூன்று பிளாக், அறுபத்து நான்கு வீடு, பத்தொன்பது கேமரா. எல்லாவற்றுக்கும் அந்த அம்மாதான் பொறுப்பு. தேர்வுத் துறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் வாய்ப்பேச்சாக எடுத்துக்கொள்ள மாட்டார், தாளில் இருக்க வேண்டும். கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய சின்ன அலுவலக அறையில் என்னை உட்கார வைத்து, கோடு போட்ட தாள் ஒன்றை முன்னால் தள்ளினார். அந்த மாதத்தில் பதினொரு நாள் கேட் கேமரா செத்திருக்கிறது. எல்லாம் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள். அதே மாதம்தான் இரண்டாவது பிளாக்கில் ஒரு பையனின் சைக்கிள் காணாமல் போனது.

பிறகு மானிட்டரில் ஒரு வீடியோவைப் போட்டார். கார் நிறுத்துமிடத்துச் சுவரில் இருக்கும் இரண்டாம் நம்பர் கேமரா எடுத்தது. வாட்ச்மேன் துடைப்பக் குச்சியைத் தூக்கிக்கொண்டு கேட் தூணுக்குப் போகிறார். அண்ணாந்து பார்க்கிறார். பெட்டியின் மேல் இரண்டு அடி போடுகிறார். படத்தின் மூலையில் நேரம் ஆறு பதினொன்று. எல்லாக் கேமராவின் படத்தையும் சேமிக்கும் ரெக்கார்டரின் குறிப்பில் கேட் கேமரா துண்டிக்கப்பட்ட நேரம் ஆறு பன்னிரண்டு.

"அடிச்சாரு. அடுத்த நிமிஷம் போச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் அம்மா.

வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. வீடியோவை ஏற்கெனவே குடியிருப்பு குரூப்பில் போட்டுவிட்டார். வாட்ச்மேனை அனுப்பிய ஏஜென்சிக்குச் சொல்லியாகிவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆள். கமிட்டியில் வைக்க ஒரு தாள் மட்டும் தேவை. பெட்டியைத் திறந்து பார்த்து, கையால் சேதப்படுத்தியிருக்கிறது என்று தொழில்முறையாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை என்பதை மறைத்து என்ன ஆகப் போகிறது. பதினான்கு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கேமரா மேல் துண்டைக் காயப்போட்ட வாட்ச்மேனைப் பார்த்திருக்கிறேன். கேமராவின் கழுத்தைத் திருகி, ஒரு வாரம் காக்காயை மட்டும் படம் பிடிக்க வைத்தவரையும் பார்த்திருக்கிறேன். தவிர, பழுதுக்குக் காரணம் நம் வேலை இல்லை, வேறொருவர் கை என்று வாடிக்கையாளரே சொல்லும்போது வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள எந்த மெக்கானிக்குக்கு மனசு வரும்?

இப்போது பெட்டிக்குள் பார்க்கிறேன். அடி பட்டதற்கான அடையாளம் எதுவும் இல்லை. விரிசல் இல்லை, திருகு தளரவில்லை. வயர் முனையைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் டேப். டேப் சுற்றியிருந்த லட்சணத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு சுற்றும் கீழே இருப்பதன் மேல் ஏறி உட்காரும், கூரை ஓடு மாதிரி தண்ணீர் வழிந்துவிடும். இதை மேலிருந்து கீழாகச் சுற்றியிருந்தது. ஒவ்வொரு விளிம்பும் வாயைப் பிளந்துகொண்டு பனிக்குக் காத்திருந்தது.

மச்சான் வேலை என்று முடிவு கட்டினேன். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, கடையில் பங்காளி. கை வேகம், புத்தி அதைவிட வேகம், இரண்டும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கினால் டேப் என்ன, ஏணியே தலைகீழாக நிற்கும். அவனைக் கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாக மனசுக்குள் அடுக்கியபடியே டேப்பின் முனையைத் தேடினேன். இடது கை தானாகப் போய் முனையைப் பிடித்தது. இழுத்தேன், சுகமாகப் பிரிந்து வந்தது.

நான் இடது கைக்காரன். மச்சான் சுற்றிய டேப்பை நான் பிரிக்கும்போதெல்லாம் கையை மாற்றிப் பிடித்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நான் சுற்றியதை அவன் பிரிக்கும்போது அவனும் அப்படியே திட்டுவான். இந்த டேப் என் கைக்குப் பிரிந்தது. அடுக்கி வைத்த வசவையெல்லாம் விழுங்கிக்கொண்டேன்.

டேப்புக்குள் தொப்பி இல்லை. வெளியில் மாட்டும் கேமராவோடு ஒரு ரப்பர் தொப்பி வரும். பிளக்கை மூடித் திருகினால் சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. ஆனால் தொப்பியை முதலில் வயரில் கோத்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் முனையில் பிளக்கை அடிக்க வேண்டும். மறந்துபோய்ப் பிளக்கை அடித்துவிட்டால் தொப்பி நுழையாது. பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, எட்டுச் சின்ன வயரையும் நிறம் பார்த்து வரிசைப்படுத்தி, முதலிலிருந்து வர வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் பத்தொன்பதாவது கேமராவாக இதைத்தான் கடைசியில் மாட்டினேன். நாலு மணிக்குக் கமிட்டி பார்வையிட வருவதாக இருந்தது. பிளக்கை அடித்து முடித்தபோது தொப்பி ஏணித் தட்டில் கிடந்து என்னைப் பார்த்தது. படம் வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. நாளைக்கு வந்து சரி செய்துகொள்ளலாம் என்று டேப்பைச் சுற்றிவிட்டு இறங்கினேன். எல்லாம் இப்போது ஒன்று விடாமல் ஞாபகம் வருகிறது.

பிளக்கின் எட்டுச் செம்புப் பற்களில் நான்கு பச்சை பிடித்திருந்தன. இந்த வகைக் கேமராவுக்கு ஒரே வயரில்தான் கரண்டும் போகும், படமும் வரும். கரண்டு போகும் பல் ஒன்று பாதிக்கு மேல் அரித்துப் போயிருந்தது. பனி இறங்கினால் ஈரம் ஏறித் தொடர்பு போகும். வெயில் வந்து ஒன்பது மணிக்குக் காய்ந்ததும் தானாக வரும். நடுவில் யாராவது ஓங்கித் தட்டினால் பல்லும் பல்லும் உரசிக்கொண்டு கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும்.

தட்டினால் வரும். இது தலையில் ஏறுவதற்குள் கீழேயிருந்து குரல் வந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கண்ணே."

"ரெண்டு தட்டு தட்டினா வந்துடுது. ஒரு தட்டுக்கு வராது. அது தப்புன்னா எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

ஏணியில் நின்றபடியே மீதியைக் கேட்டேன். கேட் பக்கத்து அறையில் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். கேட் படம் கறுத்துப் போனால் குச்சியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து தட்டுவாராம். வீட்டில் பழைய ரேடியோவுக்கும் அதே வைத்தியம்தான். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். முன்பு இருந்தவரின் ஷிஃப்டில் ஒரு விளக்கு எரியாமல் போனதற்கே அவரை நிற்க வைத்துக் கேட்டார்களாம். அதோடு, இரண்டு தட்டில் முடிகிற வேலைக்கு என்னை எதற்கு வண்டி எடுத்துக்கொண்டு வரவைப்பது என்றும் நினைத்திருக்கிறார். எனக்கு உபகாரம் செய்துகொண்டிருந்திருக்கிறார் மனிதர்.

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று ஏஜென்சியிலிருந்து போன் வந்ததாம். காரணம் சொல்லவில்லை. காரணம் வீட்டில் தெரிந்தது. அவர் மனைவி மூன்றாவது பிளாக்கில் படிக்கட்டு துடைக்கிறார். அங்கே குடியிருக்கும் யாரோ ஒருவர், இது உன் வீட்டுக்காரர்தானே என்று சிரித்துக்கொண்டே வீடியோவைக் காட்டியிருக்கிறார்.

"நல்லா ஓங்கி அடிக்கிறேனாம். அடிக்கலடி, தட்டினேன்னு சொல்றேன். நம்ப மாட்டேங்குறா. ரெண்டு நாளா பேச்சு இல்ல," என்றார். சொல்லிவிட்டு ஏணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. நான் அந்தப் பிளக்கை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டால், இப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது. வெட்டத்தான் செய்தேன். புது முனையை உரித்தேன், தொப்பியை முதலில் கோத்தேன், எட்டு வயரையும் வரிசைப்படுத்திப் புதுப் பிளக் அடித்தேன். வயரைக் கீழே தொங்கும்படி வளைத்து விட்டேன், தண்ணீர் வந்தாலும் வளைவில் சொட்டிப் போகட்டும் என்று. கேமராவின் கண்ணாடிக்குள் மூச்சு விட்டாற்போல் ஈரம் படிந்திருந்தது. திறந்து துடைத்து, ரப்பர் வளையத்தை மாற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து மூடினேன். அரை மணி நேரத்து வேலை. மூன்று வருஷத்துக்கு முன்பும் அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

படம் சரியாக வருகிறதா என்று பார்க்கக் கேட் அறைக்குப் போனேன். தெளிவாக வந்தது. அந்த நேரம் ஒரு சாம்பல் நிறக் கார் வெளியே கிளம்பியது. இரண்டாம் நம்பர் படத்தில் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்த கார், அடுத்த கணமே கேட் படத்துக்குள் வந்தது. கேட் படத்தின் மூலையில் நேரம் ஏழு நாற்பத்தொன்று. இரண்டாம் நம்பர் படத்தில் ஏழு முப்பத்திரண்டு.

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நாற்பத்தொன்று.

இரண்டாம் நம்பர் மட்டும் நாங்கள் மாட்டியது அல்ல, முன்பே அங்கிருந்த பழைய கேமரா. மற்றதெல்லாம் ரெக்கார்டரிடமிருந்து நேரம் வாங்கிக்கொள்ளும். இதற்கு அந்த வசதி ஒத்துவரவில்லை என்று கையால் நேரம் வைத்துவிட்டுப் போயிருந்தேன். வருஷத்துக்கு இரண்டு முறை வந்து சரிபார்க்க வேண்டியது. பார்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திப் பிந்தி ஒன்பது நிமிடம் பின்னால் போய் நிற்கிறது. வீடியோவில் ஆறு பதினொன்று என்றால் நிஜத்தில் ஆறு இருபது. ரெக்கார்டரின் குறிப்பைத் திறந்து பார்த்தேன். அன்றைக்குக் கேட் கேமரா துண்டிக்கப்பட்டது ஆறு பன்னிரண்டு, திரும்பி வந்தது ஆறு இருபது. அவர் அடித்ததால் போகவில்லை. போன பிறகு அடித்தார், அடித்ததும் வந்தது.

மச்சானுக்குப் போன் செய்தேன். அவன் தூக்கக் கலக்கத்தில் முழுக் கதையையும் கேட்டான். இடையில் ஒருமுறை, அந்த டேப் தன் வேலையாக இருக்குமோ என்று முதலில் நினைத்தேனா என்று கேட்டான். ஆமாம் என்றேன். சந்தோஷமாகச் சிரித்தான். பிறகு, அவன் புத்தி வேலை செய்தது.

"மாமா, பனி, ஈரம் இறங்கிடுச்சுன்னு எழுதுங்க. வாட்ச்மேனும் தப்பிச்சாரு, நாமளும் தப்பிச்சோம். ஈரம் எப்படி உள்ள போச்சுன்னு எவன் கேக்கப் போறான்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பொய்யும் இல்லை. பனிதான், ஈரம்தான். அந்த மூன்று பிளாக்கும் கையை விட்டுப் போனால் கடையில் பாதி நாள் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். அந்தக் கவலை அவனுக்கும் இருக்கிறது, அவன் பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகள். சரி, பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். அலுவலக அறைக்குப் போகிற வழியெல்லாம் அந்த வாக்கியத்தையே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பனிக்காலத்தில் ஈரம் இறங்கியதால் தொடர்பு விட்டுவிட்டுப் போயிருக்கிறது. வாட்ச்மேன் மேல் தவறில்லை.

அம்மா பொறுமையாகக் கேட்டார். ஒன்பது நிமிட விஷயத்தை விளக்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தானே பார்த்தார். பிறகு அந்தக் கோடு போட்ட தாளை எடுத்து, பதினொரு நாளுக்கும் வாட்ச்மேன் தட்டிய நேரத்தைத் தேடிப் பிடித்து ஒன்பதைக் கூட்டிக்கொண்டே வந்தார். நாலாவது நாளிலேயே விஷயம் விளங்கியிருக்கும். ஆனாலும் விடாமல் பதினொன்றையும் கூட்டினார். எல்லாம் கேமரா திரும்பி வந்த நேரத்தோடு பொருந்தியது, மிஞ்சினால் ஒரு நிமிடம் முன்னே பின்னே. பேனாவை மூடி வைத்தார்.

"ஈரம் எப்படி உள்ள போச்சு?"

மச்சானை நினைத்துக்கொண்டேன். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். பையிலிருந்து பச்சை பிடித்த பிளக்கை எடுத்து மேஜையில், அந்தத் தாளின் மேலேயே வைத்தேன்.

"இதுக்கு ஒரு தொப்பி போடணும்மா. நான் போடல. அந்தக் கேமராக்கு நேரம் சரி பண்ணாததும் நான்தான்."

"ரெண்டும் நீங்க."

"ஆமாம்மா."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. பிளக்கை விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தார். எந்தப் பல் எதைச் செய்யும் என்று இரண்டு கேள்வி கேட்டார், சொன்னேன். உங்கள் வேலையைப் பற்றிக் கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துப் பேசவில்லை, மானிட்டரைப் பார்த்துப் பேசினார். அறுபத்து நான்கு வீட்டுக்கும் அனுப்பிவிட்டேனே, நானும் சரிபார்க்கவில்லையே என்றார். முப்பது வருஷத்தில் ஒரு மதிப்பெண்ணைக்கூட இரண்டு முறை கூட்டாமல் வெளியே விட்டதில்லை என்றார். எனக்கு அந்த அம்மா மேல் பாவமாக இருந்தது. நான் பாவப்படுவதை அவர் விரும்ப மாட்டார்.

வாட்ச்மேனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, கதவுக்கு உள்ளே ஓரடி வந்து நின்றார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. அம்மா எழுந்து நின்றுகொண்டார்.

"உங்க மேல தப்பில்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன். குரூப்ல எழுதிடுறேன். ஏஜென்சிக்கும் பேசிப் பாக்குறேன், அங்க வேற ஆளுக்குச் சொல்லியாச்சுன்னாங்க. பாப்போம்."

வாட்ச்மேன் மப்ளரை மடித்துக்கொண்டே கேட்டார். என்னைப் பார்த்தார். நானும் என் பங்குக்குச் சொன்னேன், என் வேலையில்தான் கோளாறு அண்ணே, நீங்கள் தட்டியிருக்காவிட்டால் அந்தக் கேமரா வெயில் வரும்வரை படுத்தே கிடந்திருக்கும் என்று. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு மானிட்டரைக் கையால் காட்டி, அந்த வீடியோவை ஒருமுறை போட முடியுமா என்றார்.

அம்மா போட்டார். யார் யார் போனிலோ கையகலத்துக்கு இருந்தது இங்கே பெரிய திரையில் ஓடியது. குச்சியோடு ஒரு ஆள் வருகிறார், அண்ணாந்து பார்க்கிறார், தட்டுகிறார், இன்னொரு தட்டு, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கிறார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். இரண்டாவது முறை திரைக்குக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். அடித்தாரா தட்டினாரா என்று பார்க்கிறார் என நினைத்தேன்.

"என் முதுகு இவ்வளவு வளைஞ்சு போச்சா?" என்றார்.

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. கேட்டில் யாரோ நிற்கிறார்கள், திறக்க ஆள் இல்லை. வந்துடுறேன் என்று சொல்லிவிட்டு மப்ளரைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அம்மா மேஜையிலிருந்த போனை எடுத்து ஏஜென்சியின் எண்ணைத் தேடினார். தேடிய கை அப்படியே நின்றது. மானிட்டரின் இடது மூலையில், நான் சற்று முன் சரி செய்த கேமராவின் படத்தில், கேட்டுக்கு வெளியே ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. படம் பளிச்சென்று இருந்தது, காரோட்டியின் கைவிரல் ஸ்டீயரிங்கில் தாளம் போடுவதுகூடத் தெரிந்தது. வாட்ச்மேன் ஓடி வந்து படத்துக்குள் நுழைந்தார். நுழைந்ததும் ஓட்டத்தை நிறுத்தி நடந்தார். அந்தக் கேட்டின் தாழ் தரையோடு இருக்கிறது, குனிந்துதான் எடுக்க வேண்டும். அவர் குனியவில்லை. முதுகை நேராக நிமிர்த்திக்கொண்டு, செருப்பு நுனியைத் தாழுக்கு அடியில் கொடுத்து மேலே தள்ளினார். வரவில்லை. மறுபடி தள்ளினார். கார் இன்னொரு முறை ஹாரன் அடித்தது. நிமிர்ந்தபடியே, காலால், மூன்றாவது முறையாகத் தள்ளினார்.